அனுப்பாத ஒலி

1.

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொதுவாசகருக்கான அறிவியல் புத்தகம் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்த பதிப்பாளர் ஒருவர், "சிக்னல்களின் அடிப்படை வகைகள்" என்று ஓர் அத்தியாயம் கேட்டார். பத்துப் பக்கம், கணக்கு கூடாது, படிக்கிறவர் கொட்டாவி விடக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை.

மூன்று வாரத்தில் நான் எழுதியது இவ்வளவு:

"காலத்தோடு மாறுகிற எதையும் சிக்னல் எனலாம். நாடித்துடிப்பு ஒரு சிக்னல். அறையின் வெப்பம் ஒரு சிக்னல். பக்கத்து வீட்டுச் சண்டை—"

அது அங்கேயே நின்றுபோனது. இன்னொன்று:

"சிக்னல்களில் முன்கூட்டியே சொல்லக்கூடியவை என்றும், எவ்வளவு முயன்றாலும் சொல்ல முடியாதவை என்றும் இரண்டு—"

இதுவும் படுத்துவிட்டது. சைன் அலை என்கிற, ஏறி இறங்கி ஏறும் அந்த வழவழப்பான அலையை நிஜத்தில் யாராவது கையாளுவதைப் பார்த்தால் பேனா நகரும் என்று தோன்றியது. விசாரித்தேன். துறைமுகத் தொழிலாளர் மருத்துவமனையில் காது சோதிக்கும் அறையில் நாள்முழுக்க அதுதான் வேலை என்றார்கள். போனேன். அங்கே இருந்த பெண் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, அலையைப் பற்றி அரை மணி நேரமும் தன் அக்காவைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசினாள். அத்தியாயம் அத்தோடு ஒழிந்தது.

ஆக, இது அவள் கதை. பெயர் போடக் கூடாது என்றாள். அவளைச் சின்னவள் என்கிறேன், அக்காவைப் பெரியவள் என்கிறேன். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

2.

காது சோதிக்கும் அறைக்குள் இன்னோர் அறை இருக்கிறது. கனத்த கதவு, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, ஒரு நாற்காலி, இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல். கதவைச் சாத்தினால் துறைமுகம் காணாமல் போய்விடும். லாரி, சங்கு, இரும்பு எல்லாம் யாரோ கையால் வழித்து எறிந்ததுபோலப் போய்விடும். முதல்முறை உட்காருகிறவர்கள் தங்கள் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டு மிரளுவார்கள். சிலர் இரண்டே நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, செத்துப்போன தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார் என்றும், சோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்ததாகவும் சின்னவள் சொன்னாள்.

உள்ளே இருப்பவர் காதில் ஹெட்ஃபோன், கையில் பொத்தான். சின்னவள் வெளியே உட்கார்ந்து ஒலி அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் பக்கம் ஒரு பச்சை விளக்கு எரியும்.

பாடப்புத்தகத்தில் சைன் அலைக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. பிறக்காமல், சாகாமல், ஒரே மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சின்னவள் அதில் ஒரு வினாடி நீளத்துக்குத் துண்டு போட்டு அனுப்புவாள். "துணிக்கடையில மீட்டர் கணக்குல கிழிக்கிற மாதிரிதான்" என்றாள். தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்து மேலே மேலே போய், ஒவ்வோர் உயரத்திலும் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று தாளில் ஒரு புள்ளி வைப்பாள். ஆறு புள்ளி. அவற்றைக் கோட்டால் இணைப்பாள்.

[பதிப்பாளருக்காக: காது தொடர்ச்சியாகக் கேட்கிறது. அது தொடர் சிக்னல். தாளில் இருப்பதோ அங்கங்கே எடுத்த ஆறு புள்ளி. அது தனித்த சிக்னல். இரண்டு புள்ளிக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது கோடு போடுகிறவரின் நம்பிக்கை. இந்த ஒரு பத்தியாவது அவருக்குப் பயன்படலாம்.]

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. மூன்று வினாடி விட்டு ஒன்று, பிறகு ஏழு, பிறகு இரண்டு. சீராக அனுப்பினால் உள்ளே இருப்பவர் காதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்துவிட்ட சிக்னல் எதையும் சோதிப்பதில்லை.

3.

பெரியவள் கிரேன் ஓட்டுகிறாள்.

[இந்த இடத்தில் எனக்குத் தயக்கம் வந்தது. பெண் ஒருத்தி கிரேன் ஓட்டுகிறாள் என்று எழுதிய உடனே வாசகர் அவளைப் பீடத்தில் ஏற்றி மாலை போட்டுவிடுவார். பிறகு அவளால் அங்கிருந்து இறங்கி ஒரு சின்னத் தப்புக்கூடச் செய்ய முடியாது. ஆகவே சொல்லிவிடுகிறேன். அவள் முன்கோபக்காரி. சமையல் சுமார். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள், பிடிபட்டால் சிரிப்பாள்.]

பதினோரு வருஷம் தரையில் நின்று சரக்குப் பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டினாள். அதன்பிறகு பன்னிரண்டு வருஷமாக நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டில் உட்கார்ந்து, வீட்டளவு பெட்டிகளைக் கப்பலிலிருந்து எடுத்துக் கரையில் வைக்கிறாள். கீழே இருப்பவர்கள் அவளை மேல்வீட்டக்கா என்பார்கள். வாடகை கொடுக்காமல் மேல்வீட்டில் குடியிருக்கிறாளாம்.

ஒருமுறை விடுமுறை நாளில் சின்னவளை மேலே கூட்டிப்போயிருக்கிறாள். காலை நேரம். மூடுபனி கீழே பரவிக் கிடந்தது. கப்பல்களின் உச்சிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே வெறும் வெள்ளை. மோட்டார் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. "இங்க வந்தா தூக்கம் வராமலே கனவு வரும்" என்றாள் பெரியவள். சின்னவள் கீழே பார்க்காமல் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆனால் அக்காவின் முகம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

4.

கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. (மூன்று பகுதி வீண் என்கிறீர்களா? இருக்கட்டும்.)

சின்னவளின் அறைக்கு ஒரு நாள் முற்பகல் சைகைக்காரர் வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று கையசைத்தும் வாக்கி டாக்கியில் பேசியும் வழிகாட்டுகிறவர். தடித்த மனிதர், சாந்தமான குரல். அவருடைய வருடாந்தரச் சோதனை முடிந்தது. காது நன்றாக இருந்தது. எழுந்து போகாமல் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உங்கக்கா பத்தி."

"சொல்லுங்கண்ணே."

"போன வாரம் பனி இறங்கியிருந்துச்சுல்ல? கை காட்டினா மேல தெரியாது. பேச்சுதான். பெட்டி வந்து இறங்குற எடத்துல பெயின்ட் அடிக்கிற ஆளு ஒருத்தர் குனிஞ்சு ஏதோ பொறுக்கிக்கிட்டு இருக்காரு. நான் பாத்துட்டு 'நிறுத்து, நிறுத்து'ங்கறேன். பெட்டி அது பாட்டுக்கு இறங்குது. ஓடிப்போய் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். அவரு ஹெல்மெட்டு மட்டும் அடியில போயிடுச்சு. அப்புறம் எடுத்துப் பாத்தா சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு."

சின்னவள் பேனாவை மூடி வைத்தாள்.

"சாயங்காலம் அக்காகிட்ட, என்னக்கா நான் சொன்னது கேக்கலையான்னேன். 'கேட்டுச்சே, நீதானே இருக்கு இருக்குன்னு சொன்னே, எடம் இருக்குன்னுதானே இறக்கினேன்'னாங்க."

"ஆளு அடியில இருந்தத அவகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலம்மா. மனசு வரல. மேலதிகாரிங்களுக்கும் எழுதிக் குடுக்கல. அவங்க தங்கமானவங்க." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "ஆனா பெயின்ட்காரருக்கு நாலு புள்ளைங்க. அதுதான் அன்னையிலேருந்து மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு."

அவர் போன பிறகு சின்னவள் அந்த இரண்டு சொற்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நிறுத்து. இருக்கு. நிறுத்து. இருக்கு. மெய்யெழுத்துகளை உரித்துப் போட்டால் இரண்டும் ஒன்றுதான்: இ, உ, உ.

பெட்டி தரையில் மோதும் அந்த ஒரு கண ஓசைக்கு இம்பல்ஸ் என்று பெயர். கணத்தில் வந்து கணத்தில் போகும். ஆனால் அந்தக் கணத்துக்குள் எல்லா உயரத்து ஒலிகளும் அடங்கிக் கிடக்கும். ஒரு நாளைக்கு இருநூறு முறை, பதினோரு வருஷம், பக்கத்திலேயே நின்று கேட்ட காதில் முதலில் உதிர்வது உயர்ந்த ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்வாக, பலமாக இருக்கின்றன. மெய்யெழுத்துகள் பலவும் உயரத்தில், மெல்லிசாக இருக்கின்றன.

"எங்கக்காவுக்கு உயிர் கேக்குது. மெய் கேக்கல" என்றாள் சின்னவள் என்னிடம்.

[இந்த வாக்கியம் அவளுடையது. எனக்குத் தோன்றியிருந்தால் அன்றைக்கே நாலு பேருக்கு ஃபோன் போட்டிருப்பேன். அவள் அதைச் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.]

5.

போன இரண்டு வருஷத்துத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். அக்காவைச் சோதித்தது அவளேதான். அந்த மருத்துவமனையில் வேறு ஆள் இல்லை, சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவும் இல்லை. புள்ளிகள் எல்லாம் நல்ல இடத்தில் இருந்தன. ஓரமாகச் சிறு குறிப்பு: நடுநடுவே வீணாக அழுத்துகிறாள். ஆர்வக்கோளாறு என்று அன்றைக்கு விட்டிருந்தாள்.

அப்போது அவளுக்குத் தன் கை நினைவுக்கு வந்தது. மற்றவர்களிடம் ஒழுங்கில்லாமல் அனுப்பும் அதே கை, அக்கா உள்ளே உட்கார்ந்தால் மூன்று வினாடிக்கு ஒருமுறை, மூன்று வினாடிக்கு ஒருமுறை என்று சீராகிவிடுகிறது. சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போன மத்தியானங்களில் அக்கா இவள் முதுகில் தட்டித் தூங்கவைத்த தாளம் அது.

[தட்டித் தூங்கவைத்ததை அவள் சொல்லவில்லை. நான் சேர்த்தேன். தித்திப்பு அதிகம்தான். எடுக்க மனமில்லை.]

பெரியவளின் முறை அடுத்த திங்கட்கிழமை வந்தது. உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

சின்னவள் தாழ்ந்த ஒலிகளை அனுப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. உயர்ந்த ஒலிக்கு வந்தாள். மூன்று வினாடிக்கு ஒன்றாக நாலு அனுப்பினாள். நாலுக்கும் விளக்கு. ஐந்தாவதை அனுப்பவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது.

காத்திருந்தாள். மறுபடி எரிந்தது. ஒன்றுமே போகாத கம்பியில், ஒன்றுமே இல்லாத அமைதியில், அக்கா கண்ணை மூடிக்கொண்டு, லேசாகப் புன்னகைத்தபடி, அழுத்திக்கொண்டிருந்தாள். ஐந்து முறை சும்மா இருந்ததில் நாலு முறை எரிந்தது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் பெரியவள், ஹெட்ஃபோனைக் கழற்றி.

"கடைசியா எத்தன கேட்டுது?"

"நாலோ அஞ்சோ. நீ அனுப்பினதுதானே?"

"நான் எதுவும் அனுப்பலக்கா."

பெரியவள் அவளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள் என்று எழுதுவது வழக்கம். நெடுநேரம் இல்லை, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்.

"எண்ணிக்கிட்டு இருந்தியா? சீட்டுல பண்ற மாதிரி?" என்றாள் சின்னவள்.

"ஆமா" என்றாள் பெரியவள். "எண்ணினேன்."

"எதுக்குக்கா?"

"எறங்கச் சொல்லிடுவாங்கல்ல. இன்னும் ஒரு வருஷம் போட்டுக் குடுடீ. கையெழுத்துதானே."

சின்னவள் அப்போதுதான் சொன்னாள். பனி, பெயின்ட்காரர், சட்டையைப் பிடித்து இழுத்தது, தட்டாகிப்போன ஹெல்மெட். "அவரு 'நிறுத்து'ன்னாரு. உனக்கு 'இருக்கு'ன்னு கேட்டுது." குரலை உயர்த்தவில்லை. அக்கா உதட்டைப் பார்த்துக் கேட்கிறாள் என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது, ஆகவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

பெரியவள் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாளுக்கு அடிபடலையே?"

"இல்ல."

"சரி. கதவச் சாத்து. முதல்லேருந்து செய்."

"சந்தேகமா இருந்தா அழுத்தாத. என்ன?"

"அழுத்த மாட்டேன்."

இரண்டாவது சோதனை நாற்பது நிமிடம் நடந்தது. சின்னவள் கடிகாரத்தைப் பார்க்காமல், மனதுக்கு வந்த நேரத்தில் அனுப்பினாள். தாழ்ந்த ஒலிகளுக்கு விளக்கு எரிந்தது. மேலே போகப்போக இருட்டு. காதைத் துளைக்கும் சத்தம் வரை கூட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் அக்கா அசையாமல் இருந்தாள். கன்னத்தில் மட்டும் ஈரம் வழிந்து ஹெட்ஃபோன் பஞ்சுக்குள் போனது. புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தாளின் கீழ்மூலைக்கு இறங்கின.

தகுதி, தகுதியில்லை என்று படிவத்தில் இரண்டு கட்டம். ஸ்டெப் என்று ஒரு சிக்னல் உண்டு. ஒரு கணம் வரை ஒரு மதிப்பு, அந்தக் கணத்திலிருந்து வேறு மதிப்பு. படிக்கட்டைப் போல. நடுவே நிற்க இடமில்லை. சின்னவள் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

6.

இதற்கு மேல் முடிவு எழுத வேண்டும். சிலவற்றை வரைந்து பார்த்தேன்.

பெரியவள் அன்றோடு தங்கையின் பேச்சை விட்டுவிடுகிறாள். செங்குத்தாக விழுந்து, அப்படியே தட்டையாகப் போகும் கோடு. நாடகத்துக்குச் சரிப்படும்.

கோபம் முதல் வாரத்தில் பாதி, அடுத்த வாரத்தில் அதில் பாதி, அதற்கடுத்த வாரத்தில் அதிலும் பாதி என்று குறைகிறது. இப்படித் தேய்கிற சிக்னல் ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடாது. தொட்டுவிட்டதாக எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். குடும்பங்களுக்குப் பொருத்தமானது.

அல்லது அவள் யாருக்கும் தெரியாமல் ஒருநாள் ஏணியில் ஏறி—

வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியவளை அலுவலகத்தில் கப்பல் வருகைப் பதிவேடு எழுதும் நாற்காலிக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாவது மாதம் காதுக் கருவி பொருத்திக்கொள்ள அதே அறைக்கு வந்து, "என்னடி, மெலிஞ்சு போயிட்ட" என்றபடி உட்கார்ந்தாள். சின்னவள் அவள் காதில் கருவியை வைத்துச் சரிசெய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். சீட்டு மட்டும் ஆடுவதில்லை. அக்கா சீட்டுக்கட்டை எடுத்தால் தங்கை ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு எழுந்துவிடுகிறாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு" என்றாள் சின்னவள் என்னிடம். "ஆனா எங்கிட்டயே ஏமாத்தினாளேங்கறது மட்டும் போக மாட்டேங்குது."

இங்கே முடித்திருந்தேன். "போக மாட்டேங்குது" என்பதற்குக் கீழே கோடு கிழித்து, பக்க எண் போட்டு, உறையில் வைத்தாயிற்று.

7.

எழுதியது சரியா என்று பெரியவளிடமும் காட்டுவதுதான் மரியாதை என்று தோன்றியது. போனேன். பதிவேட்டு அறையில் மின்விசிறி ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பழுதைச் சரிசெய்ய வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். நின்று, நிதானமாக, ஐந்தாம் பகுதியை இரண்டு முறை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "ஆனா நான் எண்ணல."

எனக்குப் புரியவில்லை.

"எண்ணலைங்க. எனக்குக் கேட்டுச்சு. ஆறு வருஷமா காதுக்குள்ள ஒரு சத்தம். கீ…ன்னு, மெல்லிசா. விட்டு விட்டு வரும். அவ அனுப்புறதும் அதே மாதிரிதான் இருக்கும். எது அவளோடது, எது என்னோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் அழுத்தினேன். அவ 'நான் எதுவும் அனுப்பல'ன்னப்பதான் அது என் சத்தம்னு புரிஞ்சுது."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

மின்விசிறியைப் பார்த்தாள்.

"மேல கூண்டுல மோட்டார் ஓடுதுல்ல, அந்த எரச்சல்ல மட்டும்தான் இது அடங்கும். வேற எங்கயும் அடங்காது. பன்னெண்டு மணி நேரம் நிம்மதியா இருப்பேன். எறங்கினா அதுவும் போச்சு. இதச் சொன்னா அவ என்ன பண்ணியிருப்பா? அழுதிருப்பா. அழுதுகிட்டே அக்காவ எறக்கிவிட்டோமேன்னு காலம் பூரா கெடந்து சாவா. திருடின்னு நெனச்சா கோவம்தானே வரும். கோவத்தோட கையெழுத்துப் போடறது சுலபம்." தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "இத எழுதாதீங்க."

இரைச்சல் என்றால் ஒழிக்க வேண்டியது, சிக்னல் என்றால் காப்பாற்ற வேண்டியது என்றுதான் அத்தியாயத்தில் எழுதுவதாக இருந்தேன். தாள்களை வாங்கிக்கொண்டேன். அவள் பதிவேட்டைத் திறந்து அன்று காலை வந்த கப்பலின் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

8.

எழுதாதே என்றதை எழுதிவிட்டேன், பார்த்தீர்கள். எழுதிய பிறகும் கிழிக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே சௌகரியம்.

மேசையில் இரண்டு தாள்கட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஆறாம் பகுதியோடு முடிகிறது. இன்னொன்றில் ஏழாவது இருக்கிறது. சின்னவள் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வேலை முடிந்து இன்று வருவதாகச் சொன்னாள். முதலாவதைக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அப்படியே நடக்கும், சீட்டுக்கட்டு அலமாரியிலேயே இருக்கும். இரண்டாவதைக் கொடுத்தால் அக்கா ஏமாற்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். என்ன விலைக்கு என்றும் தெரியும்.

பதிப்பாளரிடம் கேட்டேன். அத்தியாயம் எங்கே என்றார்.

உங்கள் கையில் இருப்பது ஏழாம் பகுதி உள்ள கட்டு. அதனால் அவளைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும். அவளுடைய அக்காவை உங்களுக்கு இப்போது என் அளவுக்குத் தெரியும். நான் இருபக்கமும் யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

கேட் திறக்கிறது. சின்னவள்தான். வெயிலுக்குப் புடவைத் தலைப்பை முகத்துக்கு நேரே பிடித்தபடி, பாதையில் பூனை படுத்திருப்பதைப் பார்த்து அதை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு வருகிறாள். நான் போய்க் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கிறேன். அதற்கு மேல் ஒரு நிமிடம் என்னால் பேச்சை இழுக்க முடியும்.

அதற்குள் இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.